செல்விக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வீடியோவில் பார்த்தேன். பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே பிள்ளையிடம் நீட்டினாய். அவள் திறந்து கொடுத்ததும் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டாய். மாத்திரை தீரும் முன்னே வாங்கி வைக்கிறாய்தானே?

மார்பகப் புற்றுநோய்க்கு நீ சாப்பிடுகிற அந்த லெட்ரோசோல் மாத்திரைதான் மூட்டைப் பிடிக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைத்து நோய் திரும்பாமல் காக்கிற அதே மாத்திரைதான் காலையில் விரலை மடக்க விடுவதில்லையாம். வலி தாங்காமல் பாதியில் விட்டுவிடுகிறவர்களும் உண்டாம். நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. கீமோ நடந்த வாரத்திலும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். இருந்தாலும் சொல்கிறேன், டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதே. அத்தை விஷயம் உனக்கே தெரியும்.

அக்குபங்சர் என்கிற ஊசி குத்தும் வைத்தியம் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் உன்னைப் போல இந்த வகை மாத்திரை சாப்பிடுகிற 226 பெண்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2018-இல் வெளிவந்தது. முதல் 6 வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை, அப்புறம் 6 வாரம் ஒரு தடவை. சிலருக்குப் பெயருக்கு மேலோட்டமாகக் குத்தும் போலி ஊசி. அதைவிட நிஜ ஊசிக்கு வலி கூடுதலாகக் குறைந்திருக்கிறது. மாயமாகிவிடவில்லை, குறைந்திருக்கிறது. அது போதாதா? புற்றுநோய் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போ. அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. ஊசி புதிதாகப் பிரித்ததா என்றும் பார்.

இதெல்லாம் நான் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே படித்திருக்க வேண்டும். விரல் வலிக்கிறது என்று நீ முதலில் என்னிடம்தான் சொன்னாய். "உயிர் பிழைச்சதே பெரிசு, இந்த வயசுல எனக்கும்தான் வலிக்குது" என்றேன். அதற்கப்புறம் நீ வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. வலி போய்விட்டது என்று நானும் நம்பிக்கொண்டேன். எனக்குப் பயம், செல்வி. உன் உடம்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கேட்கத் தைரியமில்லாமல் உன் வாயை அடைத்தேன். பொறுத்துக்கொள்ளப் பழக்கியவளே நான்தான்.

அட்டையில் எத்தனை மிச்சம் என்று கேட்க மாட்டேன். ஊசிக்கு எந்த நாள் என்று மட்டும் சொல், கூட வந்து உட்காருகிறேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல்.

மாத்திரையை மறக்காதே.

அம்மா