மூன்று மொழிகளை ஒன்றாகத் தொடங்கிய மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

ஜப்பானியம், ஸ்பானியம், இத்தாலியம் மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கிவிட்டதாகவும், நாளுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைப்பதாகவும், எதை விடுவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். இத்தாலியத்தை விடு. நிரந்தரமாக வேண்டாம், ஸ்பானியத்தில் ஓர் எளிய கதையை அகராதி தொடாமல் படிக்கும் வரை போதும்.

ஸ்பானியமும் இத்தாலியமும் லத்தீனின் பிள்ளைகள். சொல்லும் இலக்கணமும் அவ்வளவு நெருக்கம். ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு வந்தால் அந்த நெருக்கம் உதவி; இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளாடினால் அதுவே தொந்தரவு. பேசும்போது எது முதலில் நாக்குக்கு வருகிறதோ அது விழுந்துவிடும். பெரிய சொற்களில் குழப்பம் குறைவுதான். 'மற்றும்', 'ஆனால்', 'ஏனென்றால்' போன்ற சின்ன இணைப்புச் சொற்கள்தான் நழுவும், ஏனென்றால் அவற்றை யோசித்துச் சொல்வதில்லை. இன்னொன்றையும் கவனி: புதிய மொழிக்குள் இப்படி நுழைவது பெரும்பாலும் தாய்மொழியாக இருப்பதில்லை, அரைகுறையாகக் கற்ற மற்றொரு அயல்மொழிதான். ஜப்பானியம் பேசும்போது உனக்குத் தமிழ்ச் சொல் அவ்வளவாகக் குறுக்கே வராது, ஸ்பானியச் சொல் வரும். ஆனால் அந்த இரண்டுக்கும் சொல்லிலும் எழுத்திலும் ஒற்றுமை இல்லாததால், வந்த உடனே தவறு என்று உனக்கே தெரிந்துவிடும். இத்தாலியம் வந்தால் தெரியாது.

இனி நேரக் கணக்கு. ஒரு மணி நேரத்தை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், ஆண்டுக்கு ஏறக்குறைய 120 மணி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனம், ஸ்பானியத்துக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும் ஜப்பானியத்துக்கு 2200 மணி நேரமும் ஆகும் என்று கணக்கிடுகிறது. ஆங்கிலம் பேசும் பெரியவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது, வேலைக்குப் போதுமான அளவு பேசவும் படிக்கவும். உன் வேகத்தில் ஸ்பானியத்துக்கு ஐந்து ஆண்டு, ஜப்பானியத்துக்குப் பதினெட்டு. அதுவும் மறப்பதைக் கழிக்காமல். எனவே ஒன்று முன்னால் ஓடட்டும், மற்றது பின்னால் நடக்கட்டும்: ஜப்பானியத்துக்கு 40 நிமிடம், ஸ்பானியத்துக்கு 15. மிச்சம் ஐந்து நிமிடத்தை எதற்கும் கொடுக்காதே. நீண்ட விடுமுறையில் மட்டும் இந்த வரிசையை மாற்றலாம். வாரத்துக்கு வாரம் மாற்றினால் இரண்டுமே தொடக்கப் பாடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பத்து வயதுக்குள் தொடங்காவிட்டால் போயிற்று என்று யாரோ சொன்னார்களாம், அதை நம்பாதே. நெதர்லாந்தில் டச்சு கற்றுக்கொண்ட ஆங்கிலக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து 1978-ல் வெளியான ஆய்வில், முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள். சின்னக் குழந்தைகள் பின்னால்தான் வந்தார்கள். 2018-ல் ஏறக்குறைய 6,70,000 பேரின் விடைகளை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு, இலக்கணத்தைப் பிடிக்கும் திறன் பதினேழு வயது வாக்கில்தான் குறையத் தொடங்குகிறது என்றது. சிறுவயதில் தொடங்கியவர்களுக்குத் தெளிவாகக் கிடைக்கும் லாபம் உச்சரிப்பு. அதனால் முதல் சில வாரம் காதுக்குக் கொடு.

நீ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: உன் ஜப்பானியப் பாடப்புத்தகம் ஆங்கிலம் பேசுபவருக்காக எழுதப்பட்டது. அவருக்கு விசித்திரமாகத் தெரிவதை அது பக்கம் பக்கமாக விளக்கும். உனக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும். வினை கடைசியில் வருவது, பெயருக்கு முன்னால் 'நான் வாங்கின' என்று பெயரெச்சம் நிற்பது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் நம் வழக்கம்தான். ஆங்கிலம் வழியாகப் போனால் வாக்கியத்தை இரண்டு முறை தலைகீழாக்க வேண்டும்.

இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள். ஜப்பானிய வினையின் 'தெ' வடிவம் நம் வினையெச்சம். 'யொந்தெ' என்றால் 'படித்து'. 'யொந்தெ மிரு' படித்துப் பார். இந்தப் 'பார்' கண்ணால் பார்ப்பது இல்லை, முயன்று பார்ப்பது. அங்கேயும் அதே பொருள்தான். 'யொந்தெ ஒகு' படித்து வை. 'யொந்தெ ஷிமாவு' படித்துவிடு. முடிந்தது என்பதும், சில சமயம் ஐயோ என்ற வருத்தமும் அதில் உண்டு. 'யொந்தெ இரு' படித்துக்கொண்டிரு. 'யார்' என்பது 'தரெ'. அதோடு 'கா' சேர்ந்தால் யாரோ, 'மொ' சேர்ந்து எதிர்மறை வினை வந்தால் யாரும் இல்லை. நம் ஓகாரமும் உம்மையும் செய்கிற வேலையை அவையும் செய்கின்றன. பள்ளியில் நீ முகம் சுளித்த வேற்றுமை, எச்சம், இடைச்சொல் பாடங்களை ஒரு முறை எடுத்துப் புரட்டிப் பார், இப்போது வேறு மாதிரி தெரியும். (இந்த ஒற்றுமைகளை வைத்து இரண்டும் உறவு மொழிகள் என்றே சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் வேலை குறைகிறது.)

ஆனால் தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. 'நூலகத்தில் இருக்கிறேன்', 'நூலகத்தில் படிக்கிறேன்' இரண்டிலும் நமக்கு ஒரே 'இல்'. ஜப்பானியத்தில் இருப்பதற்கு 'நி', செயலுக்கு 'தெ'. எச்ச வடிவமான 'தெ' வேறு, இந்த உருபு வேறு; முன்னதற்குப் பெரும்பாலும் வல்லொலி ('யொந்தெ' போன்ற சிலவற்றில் மட்டும் மெல்லொலி), பின்னதற்கு எப்போதும் மெல்லிய ஒலி. எதைப் பற்றிய பேச்சு என்று காட்டும் 'வா' என்ற தலைப்பு உருபுக்கு நம்மிடம் நேர் ஈடு இல்லை. 'ஆனது', 'என்பது' என்று எழுவாயோடு ஒட்டிப் பழகாதே, தவறாகவே நிலைத்துவிடும்.

பெரிய வம்பு ஒலியில் இருக்கிறது. தமிழில் உயிர்களுக்கு நடுவே தனியாக வரும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும், இரட்டித்தால்தான் கடினம். அதனால்தான் ஆங்கிலத்தில் ஒற்றை ஒலியாக உள்ளதை நாம் 'பேப்பர்' என்று இரட்டித்து எழுதுகிறோம். ஜப்பானியத்தில் இரட்டிக்காமலே கடினமாக ஒலிக்கும் வல்லினம் ஏராளம். 'வந்து' என்று பொருள்படும் 'கிதெ'யில் தகரம் ஒற்றை, 'தபால்தலை' என்று பொருள்படும் 'கித்தெ'யில் அதே தகரம் இரட்டை. மற்ற ஒலியெல்லாம் ஒன்றே. தமிழ் நாக்கு முதல் சொல்லை ஒன்று மென்மையாக்கும், இல்லாவிட்டால் இரட்டித்து இரண்டாவதாக்கிவிடும். இப்படி இருபது சொல் இணைகளை எடு. ஒலிப்பதிவை ஓடவிட்டு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல். இருபதுக்கு பதினெட்டு சரியாக வரும் வரை வாயைத் திறக்காதே. பிறகு நீயே பேசிப் பதிவு செய்து பக்கத்தில் வைத்துக் கேள். நெடில் குறில் விஷயத்தில் கவலை இல்லை, ஆங்கிலக்காரர் திணறும் இடம் அது, உனக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது.

இதிலிருந்தே அடுத்ததும் புரியும்: ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதே. நான் மேலே எழுதியது கடிதத்துக்காக. நம் எழுத்தில் கடின ஒலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே 'க', ஒரே 'த'. இந்தியில் உணவுக்கும் பாட்டுக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கானா' ஆகிவிடும். ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிரகானாவின் 46 எழுத்தையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம், அயல்சொற்களை எழுதும் கடகானாவுக்கு இன்னொரு வாரம். சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 உள்ளன. அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், சொல்லோடு சேர்த்து நாளுக்கு ஐந்து சொல் என்று போ. முதல் இருநூறு எழுத்தைக் கையால் எழுது. அதற்குப் பிறகு எழுதுவது உன் விருப்பம்.

ஸ்பானியத்திலும் இதே போலத் தமிழிலிருந்து கதவு திற. 'எனக்குப் பிடிக்கும்' என்று நாம் சொல்வதுபோலவே, பிடித்த பொருள் எழுவாயாகவும் நான் 'எனக்கு' ஆகவும்தான் அங்கே வாக்கியம் அமையும். 'வந்தேன்' என்றால் 'நான்' தேவையில்லாதது போல அங்கேயும் வினை விகுதியே ஆளைக் காட்டும். பெயர்களின் ஆண்பால் பெண்பால் மட்டும் நமக்குப் புதிது, இந்தி தெரிந்ததால் பழகிவிடும். எந்தப் பெயர்ச்சொல்லையும் அதன் பாலைக் காட்டும் முன் சொல்லோடு ('எல்', 'லா') சேர்த்தே படி. பதினைந்து நிமிடத்தில் இப்போதைக்கு இலக்கணப் பயிற்சி வேண்டாம். எழுத்து வடிவம் உள்ள இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்று: இரண்டு முறை வெறுமனே கேள், ஒரு முறை பார்த்துக்கொண்டு கேள், பிறகு பேசுபவர் குரலுக்கு அரை நொடி பின்னால் தொடர்ந்து நீயும் சொல்.

நினைவட்டைக்கு ஆன்கி என்ற செயலி போதும். அதில் நாளுக்கு 20 புதிய அட்டை என்று முன்பே அமைத்திருக்கும். 10 ஆகக் குறை. புதிய அட்டை ஒவ்வொன்றும் பின்னால் மறுபார்வையாகத் திரும்பி வரும். நாளுக்குப் பத்து புதியது என்றால் சில வாரத்தில் தினமும் எழுபது முதல் நூறு மறுபார்வை நிற்கும், அதற்கே பதினைந்து இருபது நிமிடம் போய்விடும். இருபது வைத்தவர்கள் இரண்டாவது மாதத்தில் கைவிடுவது இதனால்தான், சோம்பலால் இல்லை. அட்டையில் ஒரு முழு வாக்கியம், தெரியாத சொல் ஒன்றே ஒன்று, கூடவே ஒலி. வண்ணங்களை ஒரே நாளில், கிழமைகளை ஒரே நாளில் என்று சேர்க்காதே. ஒரே குடும்பச் சொற்கள் சேர்ந்து வந்தால் ஒன்றை ஒன்று குழப்பும். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போடு. தொடர்ந்து எத்தனை நாள் என்று தீப்பொறி காட்டும் ஆப்பைப் பற்றி நீ பெருமையாக எழுதியிருந்தாய். அந்த எண் ஆப்பைத் திறந்ததன் கணக்கு, கற்றதன் கணக்கு இல்லை.

படிக்கப் புத்தகம் எடுக்கும்போது ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார். அகராதி இல்லாமல் நிம்மதியாகப் படிக்க, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து தெரியாவிட்டால் சரி. பன்னிரண்டைத் தாண்டினால் அது பாடம், வாசிப்பு இல்லை. கீழே வைத்துவிட்டு எளியதை எடு. இத்தாலியத்துக்கு நேரம் வரும்போது ஸ்பானியம் வழியாகவே படி, விளக்கமும் அகராதியும் ஸ்பானியத்தில். பழையதும் தேயாது.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் மட்டும் பேசும் மொழி வீட்டு அளவிலேயே நின்றுவிடும், உனக்கு முப்பது வயதானாலும் அது பத்து வயதுத் தமிழாகவே இருக்கும். சோதனை எளிது: இன்று படித்த வேதியியல் பாடத்தை இரண்டு நிமிடம் தமிழில் விளக்கிப் பதிவு செய். எங்கெங்கே ஆங்கிலத்துக்குத் தாவுகிறாய் என்று குறித்துக்கொள். அந்தச் சொற்களைத் தேடி அடுத்த வாரம் மறுபடி பேசு. வாரம் ஒரு தலையங்கத்தை வாய்விட்டுப் படி. இதற்கு அந்த ஒரு மணி நேரத்தில் கைவைக்காதே, ஞாயிறு அரை மணி போதும். பன்னிரண்டு வயது தாண்டிய பிறகு தாய்மொழி முழுவதுமாக அழிந்துபோவது அரிது. ஆனால் தேவையான நேரத்தில் சொல் வாய்க்கு வராமல் போகும்; கேட்டால் புரியும், பேச வராது.

ஜப்பானியத் திறன் தேர்வு எழுதுவதாகச் சொன்னாய். அதில் N5 தொடக்க நிலை, N1 உச்சம். டிசம்பரில் நடக்கும் தேர்வுக்கு விண்ணப்பம் பல மாதம் முன்பே முடிந்துவிடும், இப்போதே பார். அந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. சொல், இலக்கண அறிவும், படிப்பதும் கேட்பதும் மட்டும். அதனால் அதில் தேறியவர்கள் பேசத் தெரியாமலும் இருப்பார்கள். வாரம் அரை மணி யாரோடாவது பேசு. எல்லாத் தவறையும் திருத்த வேண்டாம், இந்த மாதம் 'நி', 'தெ' மட்டும் திருத்துங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடு. எல்லாவற்றையும் திருத்தினால் வாயே திறக்க மாட்டாய்.

உன் பள்ளித் தேர்வு மாதத்தில் புதிய அட்டையைப் பூஜ்யமாக வை, மறுபார்வை மட்டும் பத்து நிமிடம். நான்கு நாள் விட்டு நானூறு சேர்ந்துவிட்டால் ஒரே நாளில் தீர்க்கப் பார்க்காதே. நாளுக்கு நூறு என்று வரம்பு வைத்து, தீரும் வரை புதியதைச் சேர்க்காமல் இரு.

அன்புடன்,
அப்பா