"மை ஆல் த்ரீ சிஸ்டர்ஸ்"னு எழுதுற பிள்ளைக்கு தமிழ்லயே விளக்கம் குடுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். உங்க பேப்பர்ல மாணவர்களுக்குன்னு வர்ற பக்கத்தை வாராவாரம் கத்தரிச்சு வெச்சு டியூஷன் பிள்ளைங்களுக்கு காட்டுறவ நான். சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில எட்டு ஒம்பது பேர் வந்து உக்காருவாங்க, எல்லாரும் தமிழ் மீடியம்.

போன வாரம் ஒம்பதாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி நோட்டை நீட்டுனா. "மை ஆல் த்ரீ சிஸ்டர்ஸ் ஆர் மேரீட்"னு எழுதியிருக்கா, மேல சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி, வேற ஒரு வார்த்தை இல்ல. கீழ "ஆல் மை த்ரீ சிஸ்டர்ஸ்"னு பத்து தடவை இம்போசிஷன். ஏன் அப்படி எழுதணும்னு கேட்டா தலைய குனிஞ்சுக்கிட்டா, எனக்கு மனசே ஆறல.

அவ ஒண்ணும் குருட்டாம்போக்குல எழுதல ஐயா. தமிழ்ல "என்னோட எல்லா அக்காவும்"னுதான சொல்றோம், "என்னோட" முதல்ல, "எல்லா" அப்புறம். அதையே இங்கிலீஷ்ல போட்டிருக்கா. அங்க ஆல், போத், ஹாஃப் மூணும் மை, த, தீஸ் இதுக்கெல்லாம் முன்னாடி போய் நிக்கும், எண்ணு பின்னாடி வரும். "ஆல் த்ரீ ஆஃப் மை சிஸ்டர்ஸ்"னாலும் சரிதான், பேச்சுல அதுதான் ஜாஸ்தி. அரை மணி நேரத்துக்கு "ஹாஃப் அன் அவர்"னு சொல்றதும் இதே கதைதான். இத சொல்ல எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.

"முதல் ரெண்டு பக்கம்", "த ஃபர்ஸ்ட் டூ பேஜஸ்", இங்க ரெண்டு பாஷையும் ஒரே வரிசை, பிள்ளைங்க தப்பே விடமாட்டாங்க. "இன்னும் ரெண்டு நாள்"னா மட்டும் "மோர் டூ டேஸ்"னு எழுதிருவாங்க, ஏன்னா நம்ம "இன்னும்" எண்ணுக்கு முன்னாடி வருது, அவங்க "மோர்" பின்னாடி வருது, "டூ மோர் டேஸ்". முன்னாடியே வேணும்னா "அனதர் டூ டேஸ்"னு போடலாம்.

அடுத்த தப்பு "திஸ் டூ புக்", "தீஸ் டூ புக்ஸ்"னு வரணும். நமக்கு ஒரு புக்குக்கும் "இந்த"தான் பத்து புக்குக்கும் "இந்த"தான், அதோட எண்ணு சொல்லிட்டா "கள்" போடணும்னு கட்டாயமும் இல்ல, அஞ்சு மாம்பழம், நாலு மரம்னுதான் பேசுறோம். நன்னூல்லயே பால்பகா அஃறிணைப் பெயர்னு இதுக்கு பேர் இருக்கு, மரம் விழுந்தது, மரம் விழுந்தன, மரம் மாறல, வினைதான் ஒருமையா பன்மையான்னு காட்டுது. தமிழ் பாடத்துல இத படிக்கிற பிள்ளைகிட்ட, இங்கிலீஷ்ல மரமும் மாறணும் "திஸ்" கூட "தீஸ்" ஆகணும்னு சொன்னா டக்குனு பிடிச்சுக்கும். அப்புறம் எல்லாத்துக்கும் எஸ் போட்டு "டென் ருப்பீஸ் நோட்"னு எழுதும், அங்கயும் தமிழே கைகொடுக்கும், பத்து ரூபா நோட்டுன்னு நோட்டுக்கு அடைமொழியா முன்னாடி நிக்கிறப்போ அங்கயும் எஸ் கிடையாது, "டென் ருப்பீ நோட்", "டென் இயர் ஓல்ட் பாய்".

ஃப்யூ, எ ஃப்யூ வித்தியாசம் எனக்கே ரொம்ப நாள் குழப்பம். "கொஞ்ச பேர்தான் வந்தாங்க"ன்னா ஃப்யூ, "கொஞ்ச பேர் வந்தாங்க"ன்னா எ ஃப்யூ. அந்த "தான்"ல இருக்கு விஷயம்.

உங்க பக்கத்துல டிட்டர்மினர்னு, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற ஆல், மை, த்ரீ மாதிரி வார்த்தைங்கன்னு தலைப்பு போட்டு, எது முதல்ல எது நடுவுல எது கடைசியில வரும்னு பிரீ டிட்டர்மினர், சென்ட்ரல், போஸ்ட்னு கட்டம் கட்டி வந்துச்சு, பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிட்டு மறுநாளே மறந்துட்டாங்க. அதுக்கு பதிலா வாரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் போடுங்க, பக்கத்துல தமிழ் வாக்கியம், எந்த வார்த்தை இடம் மாறுதுன்னு ஒரு அம்புக்குறி, ஏன்னு ரெண்டு வரி. காலாண்டு பரீட்சைக்கு முன்னாடி ஆரம்பிச்சீங்கன்னா எங்க திண்ணையில உக்கார்ற பிள்ளைங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தென்காசி