ஆச்சியின் சாவி

அன்புள்ள தம்பி,

உன் கதையை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். ஆச்சி இடுப்பில் செருகியிருக்கும் டிரங்குப் பெட்டிச் சாவி நல்ல பிடி. ஆனால் அது வரும்போதெல்லாம் "கனத்தது" என்று எழுதியிருக்கிறாய். ஆறு இடம், எண்ணிப் பார்த்தேன். பாரத்தை நீயே சொல்லிவிட்டால் அப்புறம் சாவிக்கு என்ன வேலை?

மதிப்பெண்ணுக்காகப் படித்த சிலப்பதிகாரத்தை இன்னொரு தடவை எடு. சிலம்பு முதலில் கனப்பதே அது இல்லாத இடத்தில்தான். கோவலன் மாதவியோடு இருக்கிறான். 'அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய' என்று கண்ணகியைப் பற்றி ஒரு வரி. வாய்விட்டுச் சொல்லாத துக்கம் அந்த வெறுங்காலில் தெரிந்துவிடுகிறது. பொருளெல்லாம் தொலைத்துவிட்டு அவன் நாணத்தோடு வந்து நிற்கும்போதும் அவள் புலம்புவதில்லை. சிரித்த முகத்தோடு, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறாள்.

மதுரையில் அதே சிலம்பு வேறொருவன் ரகசியத்தைச் சுமக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடி ஒளித்த பொற்கொல்லனிடமே கோவலன் விலை பேசப் போகிறான். தன் களவு வெளிப்படுமுன் பழியை இந்த வெளியூர்க்காரன் தலையில் கட்டிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. தன் குடிலருகே இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்கு நடக்கிறான். குற்ற உணர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு என்று இளங்கோ அங்கே இடத்தை அடைக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பரல் விஷயம். அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். நடக்கும்போதெல்லாம் சத்தம் கேட்கும், ஆனால் உள்ளே கிடப்பது எதுவென்று வெளியாருக்குத் தெரியாது. உடைத்தால்தான் உண்டு. உடைத்தபோது மணி பாண்டியன் வாயருகே தெறிக்கிறது. எப்பேர்ப்பட்ட இடம்! அதற்கு மேல் விளக்கம் கேட்க அந்த அவையில் யாருக்கும் வாய் இல்லை.

உன் கதையில் பெட்டி திறந்ததும் பேத்தி மூன்று பக்கத்துக்குக் கடிதம் வாசிக்கிறாள். அரைப் பக்கமாக்கு. மிச்ச இடத்தில், ஆச்சி குளிக்கப் போகும்போது சாவியை என்ன செய்வாள் என்று எழுது. எங்கள் ஆச்சி பீரோச் சாவியை முந்தானையில் முடிந்திருப்பாள். சேலை மாற்றும்போது புதுச் சேலையின் முந்தானையில் முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் அதை உடுத்த ஆரம்பிப்பாள். பீரோவுக்குள் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்