திட்டுவதற்கும் உரிமை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மாயாஜாலக் கதைகளில் வரும், வெளியே கடுகடுத்து உள்ளுக்குள் ஆசை வைத்திருக்கும் ‘சுன்தெரே’ பால்ய சிநேகிதியைப் பற்றிச் சொல்லும்போது, ‘இது நம் ஊடல்தான்’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. ஊடல் என்பது கூடியவர்களுக்குள் வருவது. இவன் நம்மவன் என்று தெரிந்த பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும். சுன்தெரே பெண் தன் ஆசையைச் சொல்ல இன்னும் வாயே திறக்கவில்லையே! ‘சுன்சுன்’ என்றால் வெடுக்கென்று இருப்பது, ‘தெரேதெரே’ என்றால் குழைவது. வெடுக்கு அவனுக்கு, குழைவு பார்க்கிற நமக்கு.

சரி, பிறகு எதற்கு அவனைப் போட்டுத் திட்டுகிறாள்? ‘உஷியோவும் தோராவும்’ தொடரின் அசாகோவைப் பாருங்கள். பிசாசுகளோடு மோதும் கதாநாயகன் உஷியோவும் அவளும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பார்த்தால் சண்டைதான். கதையின் பிற்பகுதியில், ஊரார் மனத்திலிருந்து உஷியோவின் நினைவையே எதிரியின் பிசாசுகள் தின்றுவிடுகின்றன. அசாகோவுக்கும் அவன் யாரோ ஒரு பையன் ஆகிவிடுகிறான். அத்தனை நாள் வாய் ஓயாமல் சண்டை போட்டவளிடம் இப்போது அவனுக்கென்று ஒரு திட்டுகூட இல்லை. அந்த வசவெல்லாம் பல வருடப் பழக்கம் கொடுத்த உரிமை என்பது அப்போதுதான் உறைக்கிறது. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

இப்போது வரும் பல தொடர்களில் இந்தப் பழக்கம் வெறும் பெயரளவில்தான் இருக்கிறது. ‘நாங்கள் சின்ன வயதுத் தோழர்கள்’ என்று ஒரு வசனம், அடுத்த நிமிடமே கன்னத்தில் ஓர் அறை, சிரிப்பதற்கு ஓர் இசை. என் வீட்டில் ஒரு பையன் இப்படி அறை வாங்கி வந்தால் நான் சிரிக்க மாட்டேன்.

2023இல் வந்த, லீசெலோட்டே என்ற பெண்ணைப் பற்றிய அனிமே தொடர் இந்தச் சிக்கலைக் கெட்டிக்காரத்தனமாக அவிழ்த்தது. அவள் பால்ய சிநேகிதி வகை அல்ல, இளவரசன் சீக்வால்டுக்கு நிச்சயிக்கப்பட்டவள். ஒரு வீடியோ கேமில் வரும் வில்லி. அந்த கேமை விளையாடும் இரண்டு பள்ளி மாணவர்கள் கிரிக்கெட் கமெண்டரி மாதிரி, எண்டோ வர்ணனை, கோபயாஷி விளக்கம் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அது இளவரசன் காதில் தெய்வவாக்காக விழுகிறது. அவள் கடுகடுக்கும்போதெல்லாம் ‘உள்ளுக்குள் வெட்கப்படுகிறாள்’ என்று தெய்வம் சொல்ல, அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லாவிட்டால் அவள் வெறும் கொடுமைக்காரி என்பதையும் அந்தத் தொடர் மறைக்கவில்லை.

கட்டுரையின் பட்டியலில் ‘உஷியோவும் தோராவும்’ இல்லாதது பெரிய குறை. 2015–16இல் வந்தது, மொத்தம் 39 எபிசோடு. நேரமில்லை என்று கட்டுரையாளர் நேராக நினைவு போகும் பகுதிக்குத் தாவிவிட வேண்டாம். முதலிலிருந்து பார்க்காவிட்டால் அந்த இடம் வலிக்காது.

– ஒரு வாசகி, நாகர்கோவில்