கல்லைக் குறை சொல்லாதீர்கள்: டர்பனில் சமையல் மேடை போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பனிலும் சுற்று வட்டாரத்திலும் சமையல் மேடை போட்டுத் தரும் முதலாளிகளுக்கும், கல்லைத் தூக்கி வந்து பொருத்தும் தம்பிகளுக்கும் வணக்கம்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 1960களில் நிறவெறி ஆட்சியில், டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து நம் மக்களைக் கிளப்பி இங்கே குடியேற்றியபோது நகராட்சி கட்டிய வீடுகளில் இதுவும் ஒன்று. அத்தைக்கு 78 வயது. இன்னமும் சமையல் அவர் கையில்தான். அவருக்கு ஒரு நல்ல மேடை வேண்டும் என்று நானும் கணவரும் இரண்டு வருடம் பணம் சேர்த்து, கடந்த மார்ச்சில் 18,500 ரேண்ட் கொடுத்து, தென்னாப்பிரிக்காவிலேயே வெட்டியெடுக்கும் கிரானைட்டான ருஸ்டன்பர்க் கல் போட்டோம். போட்டது யார் என்று எழுதப் போவதில்லை. இதே கதையை எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் கேட்டுவிட்டேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மேடை போட்ட அன்று சாயங்காலம், அத்தை ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தார். பழம் மெல்ல உருண்டு சுவரோரம் போய் நின்றது. திரும்ப எடுத்து வைத்தார், திரும்பவும் போனது. என்னைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரும் அதே மூலைக்குத்தான் ஓடியது. அங்கே கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி. பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்காது என்பது தெரிந்ததுதானே? சுவரின் வளைவைப் பார்த்து அச்சு எடுக்காமல், இரண்டு முனையை மட்டும் அளந்து கல்லை வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சிலிக்கோன் பசை அப்பி மூடியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் சிலிக்கோன் கறுத்துப் பிரிந்தது. உள்ளே இறங்கிய தண்ணீரில் சிங்குக்குக் கீழே இருந்த சிப்போர்டு (மரத்தூள் பலகை) பாலில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. டர்பன் ஈரக்காற்றில் அது எங்கே காய்வது?

ஜூனில் கேஸ் அடுப்புக்கு முன்னால் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது.

போன் செய்தோம். “ஆன்ட்டி, கல் இயற்கைப் பொருள், கோடு இருக்கத்தான் செய்யும்” என்றார்கள். ஆகஸ்டில் மறுபடி கூப்பிட்டபோது, “ஆடிக்கூழுக்குப் பெரிய பானை வைத்திருப்பீங்க” என்றார்கள். கோடு விழுந்தது ஆடிக்கு முன்னால். கூழ் காய்ச்சியதோ வாசலில், விறகடுப்பில். அம்மனுக்குக் காய்ச்சிய கூழின் மேல் பழியைப் போட்டதுதான் அத்தைக்கு ரொம்ப வலித்தது.

என் அப்பா திருச்சியில் கொத்தனாராக இருந்தவர். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்காமல் அடுத்த வேலைக்கு நகர மாட்டார். அதனால் எனக்கும் கொஞ்சம் பார்க்கத் தெரியும். டார்ச் எடுத்து மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அடுப்புக்கு இடது பக்கத்து அலமாரி வலது பக்கத்தைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அந்த உயரத்தைச் சக்கை (அடியில் செருகும் சின்னத் துண்டு) வைத்துச் சரிக்கட்டவில்லை. 30 மில்லிமீட்டர் கனமுள்ள கல் சதுர மீட்டருக்கு 80 கிலோவுக்கு மேல் வரும். எங்கள் துண்டு மட்டும் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அவ்வளவு எடை ஒரு பக்கம் தாங்கலே இல்லாமல் நின்றிருக்கிறது. மின்வெட்டுக்குப் பயந்து கேஸ் அடுப்புக்கு மாறியவர்கள் நாங்கள். அந்த அடுப்புக்காகக் கல்லில் வெட்டிய திறப்பின் மூலைகளை வளைவாக வெட்டாமல் கூராக விட்டிருந்தார்கள். கல்லின் இழுவை முழுதும் அந்தக் கூரில்தான் போய்ச் சேரும். கோடு சரியாக அங்கிருந்துதான் கிளம்புகிறது. அடுப்புக்கு முன்னால் மிஞ்சும் ஒல்லியான பட்டைதான் முழுக் கல்லிலும் பலவீனமான இடம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ருஸ்டன்பர்க் கல் பூமிக்குள் உருவாகி 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது எங்கள் வீட்டில் மூன்றே மாதத்தில் விரிசல் விட்டதற்குக் கல் காரணம் இல்லை.

சட்டமும் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 54ஆம் பிரிவைப் படியுங்கள். வேலை சரியில்லை என்றால் குறையைச் சரி செய்யச் சொல்லவோ, கொடுத்த விலையில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கவோ வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 20,000 ரேண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். அங்கே போக எனக்கு மனமில்லை. வேலை சரியாக நடந்தால் போதும்.

தம்பிகளே, உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஒரே நாளில் மூன்று வீட்டு வேலையைத் தலையில் கட்டினால் யாரால்தான் நிதானமாகச் செய்ய முடியும்? முதலாளிகளே, அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். கல் வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஒருவரை அனுப்பி அலமாரிகளைச் சமன் செய்யுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஆகுமா? அந்தக் கூலியைத் தனியாகக் கேளுங்கள், கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ரசமட்டத்தை மேடையில் வைத்துக் காட்டுங்கள். சிங்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, அது எங்கே போகிறது என்று சேர்ந்து பாருங்கள். அதற்கு அப்புறம் மீதிப் பணம் வாங்குங்கள். குறை என்று போன் வந்தால், காரணம் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை நேரில் வந்து குனிந்து பாருங்கள்.

புரட்டாசி வருகிறது. விரதச் சமையல் முழுதும் இந்த மேடையில்தான் நடக்கும். அதுவரை விரிசலுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் அத்தை காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு இதைப் போட்டவர் இந்த மடலைப் படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குள் வந்து கல்லை எடுத்து, அடியைச் சமன் செய்து, அந்தத் துண்டை மாற்றிக் கொடுங்கள், தம்பி. கதவு திறந்தே இருக்கும்.

அன்புடன்,
சாட்ஸ்வர்த்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி