அந்த 'இல்லை சார்' பற்றி, மாஸ்டருக்கு

மாஸ்டர்,

நேற்று சரி என்று சொல்லிவிட்டேன். முல்லை நகர் கிரவுண்டில் ஃபுட்பால் ஆடும் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களை வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறேன். இதற்கு முன் மூன்று தடவை கேட்டார்கள். வேலை, முட்டி வலி என்று என்னென்னவோ சொல்லித் தட்டிக் கழித்தேன். நிஜக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

இதை உங்கள் பேத்தி போனில் படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். பாப்பா, தாத்தா போதும் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடும்மா.

பர்மாவின் மௌல்மீன், 1964, ஒரே நாளில் செல்லாமல் போன நூறு கியாட் நோட்டு, உங்களைத் துரத்திவிட்டபோது ஏறி வந்த கப்பல், அதெல்லாம் உங்கள் வாயால் கேட்டது. உங்களுக்கே திருப்பிச் சொல்வானேன். ஆனால் 1966 மட்டும் அடிக்கடி ஞாபகம் வருகிறது. பாங்காக் ஆசிய விளையாட்டில், ஃபுட்பாலில் பர்மா ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியதற்கு நீங்கள் வியாசர்பாடித் தெருவில் குதித்தீர்கள். "துரத்திவுட்ட ஊருக்கா குதிக்கிற?" என்று உங்கள் அப்பா அறைந்தார். 1970-இல் அதே பாங்காக்கில் பர்மாவும் தென்கொரியாவும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன, இந்தியாவுக்கு வெண்கலம். அப்போது எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்டேன். "பேக்கு எங்கடா நிப்பான்? கோலுக்கு முன்னாடி நிப்பான்" என்றீர்கள், டிஃபெண்டரைத்தான் பேக்கு என்பீர்கள். யார் பக்கமும் சாய்ந்து பேச மாட்டீர்கள். நாங்கள் அதைப் பெருமையாக நினைத்தோம். பிற்பாடு அதுதான் என்னை வதைத்தது.

அந்த மேட்ச்சுக்கு வருகிறேன். 1993. மழையில் ஊறிய கிரவுண்டு. நான் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். பந்தைத் துரத்திக்கொண்டு அவர்கள் ஃபார்வேர்டு வருகிறான், நான் முன்னால். சின்ன வயதிலிருந்து செய்ததைத்தான் செய்தேன், காலின் உட்பக்கத்தால் எங்கள் கீப்பருக்குத் தட்டிவிட்டேன். அவன் குனிந்து கையை நீட்டினான். லைனுக்கு வெளியிலிருந்து நீங்கள் "கால்ல அடி, கால்ல!" என்று கத்தினீர்கள். எனக்குக் கேட்டது மாஸ்டர். 32 வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. தெளிவாகக் கேட்டது. கீப்பர் கையால் எடுத்துவிட்டான். சொந்த டீம் ஆள் வேண்டுமென்று காலால் தட்டித் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்று முந்தின வருஷமே ரூல் வந்திருந்தது. விசில். ரெஃப்ரி கையை மேலே தூக்கினார், அவர்களுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், நேராக அடித்தால் கோல் கிடையாது, இன்னொருத்தர் தொட்டாக வேண்டும். பதினொரு பேரும் கோல் லைனில் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அவர்களில் ஒருத்தன் லேசாகத் தொட்டான், இன்னொருத்தன் அடித்தான். என் முட்டிக்கும் பக்கத்தில் இருந்தவன் முட்டிக்கும் நடுவில் போனது.

அப்புறம் அந்த ரூம். பத்துப் பேர் இருந்தார்கள். கிளப்பில் ஒருவர், பெயர் எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும், என்னைப் பார்த்துக் கேட்டார்: "போன வருஷமே ரூல் மாறிடுச்சே, உங்க மாஸ்டர் சொல்லித் தரலையா?" நான் சொன்னேன், "இல்லை சார்."

நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள். கையில் ஈரப் பந்துகள் போட்ட வலைப்பை. அதன் வாயை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டீர்கள், இன்னொரு முடிச்சுப் போட்டீர்கள், சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அடுத்த வாரம் வேறு கோச்.

நீங்கள் சொல்லித் தந்த நாளில் நான் வரவில்லை. 1992-இல் ரூல் மாறியதும், வெட்டியெடுத்த நியூஸ்பேப்பரைப் பையில் கொண்டுவந்து எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினீர்களாம். மறுநாள் நீங்கள் கேட்டதற்கு, கணேசபுரம் சப்வேயில் தண்ணீர், புளியந்தோப்பிலிருந்து வரமுடியவில்லை என்றேன். தண்ணீர் இருந்தது நிஜம். நான் போனது வேறு பக்கம், ஒரு ஆபீஸ் டீம் செலக்‌ஷனுக்கு. அப்பாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கி முதுகு போயிருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. மேட்ச் நடந்த அன்று ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்தச் சீட்டு எனக்கு இல்லை. இதை நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன நிலைமை என்று ஒரு வரி எழுதாமலும் விட முடியவில்லை.

கீப்பருக்கும் உண்மை தெரியும். அவன் வாய் திறக்காததற்கு அவனுடைய காரணம் அவனுக்கு.

ஆனால் மாஸ்டர், நீங்கள் ஏன் பேசவில்லை? ஒரு வார்த்தை, "நான் சொல்லிக் கொடுத்தேன்" என்று. மற்ற பையன்கள் சாட்சி சொல்லியிருப்பார்கள். நீங்கள் முடிச்சுப் போட்டீர்கள். என் கல்யாணத்துக்கு வந்து 101 ரூபாய் மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் போனீர்கள். என் அம்மா வாசல் வரை ஓடி வந்து கூப்பிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். கிரவுண்டில் நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம். உங்கள் அப்பா உங்களை அறைந்தாரே, அந்தக் கதையைச் சொல்லும்போது சிரித்தீர்களே. எனக்கு அந்த அறையைக்கூடத் தரவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

எல்லோரும் பார்க்க ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த 'இல்லை சார்' பத்துப் பேர் முன்னால் சொன்னது. தனியாக உங்கள் வீட்டுக்கு வந்து காதோடு மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகாது. மாஸ்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் பொய் சொன்னேன்.

நேற்றுப் பையன்களைப் பார்த்தேன். ஒருத்தன் நல்ல உயரம், பேக் ஆடுகிறான், எதற்கெடுத்தாலும் சறுக்கி விழுகிறான். "விழாதே, விழுந்தா எந்திரிக்கறதுக்குள்ள அவன் போயிடுவான், அவன் இடுப்பைப் பாரு" என்றேன். உங்கள் குரல் அப்படியே வந்தது. கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பர்மாவில் ஆடுவார்களே, அந்தச் சின்லோன் பிரம்புப் பந்து, ஆறு பேரை வட்டமாக நிற்கவைத்துக் கீழே விழாமல் தட்டவைப்பீர்கள், ஜெயிப்பவனும் கிடையாது தோற்பவனும் கிடையாது என்பீர்கள். அது இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் பாப்பாவிடம் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் வந்து வாங்கிக்கொள்கிறேன். உள்ளே வரச் சொல்ல வேண்டாம்.