பரண்மேல் இருக்கும் பெட்டியைத் தொடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல். நியூ ஜெர்சியின் எடிசனில் ஓக் ட்ரீ ரோடு முழுக்க நம்மூர்க் கடைகள்தான், கறிவேப்பிலைகூடக் கிடைக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

அமெரிக்க பொம்மை நல்லதா, ஜப்பான் பொம்மை நல்லதா என்று கேட்டிருந்தாய். கை கால் மடங்குகிற இந்த மாதிரி பொம்மைகளுக்கு ஆக்‌ஷன் ஃபிகர் என்ற பேரே இந்த ஊரில் பிறந்ததுதான். 1964-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற பட்டாளத்து வீரன் பொம்மையைக் கொண்டுவந்தபோது, பொம்மை என்றால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று இந்தப் பேரை வைத்தார்கள். இப்போது சோப்பு, ஸ்கூல் பேக் விற்கிற பெரிய கடையிலேயே மார்வெல் லெஜண்ட்ஸ் என்ற சூப்பர்ஹீரோ பொம்மை தொங்குகிறது, ஆறு அங்குலம், ஏறக்குறைய 25 டாலர். ஜப்பானிலிருந்து வரும் ஃபிகுவார்ட்ஸ், ஃபிக்மா பொம்மைகள் எல்லாம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை.

நான் இரண்டையும் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன்டா. அடியில் திருப்பினால் இரண்டிலும் சீனாவில் செய்தது என்றுதான் போட்டிருக்கிறது, ஆக வித்தியாசம் ஊரில் இல்லை, ஒரு பொம்மைக்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்க பொம்மையில் பிளாஸ்டிக்கின் நிறத்தையே சட்டையாக விட்டுவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் பெயின்ட் வைக்கிறார்கள். முகம் மட்டும் இப்போது பிரின்ட் செய்வதால் நிஜ ஆள் மாதிரியே இருக்கிறது, அது நல்ல முன்னேற்றம். ஜப்பான் பொம்மையில் கோடு பிசகாத பெயின்ட், மாற்றிப் போட நாலைந்து ஜோடி கை, முட்டியை மடக்கி உட்கார வைத்தால் அப்படியே நிற்கிறது. ஆனால் மணிக்கட்டில் இருக்கிற முளை ஈர்க்குச்சி மாதிரி மெலிசு. கை மாற்றும்போது ஒன்று உள்ளேயே ஒடிந்துவிட்டது, எனக்கு ரொம்ப மனசு கஷ்டமாகிவிட்டது. அமெரிக்க பொம்மையின் கத்தி வளைந்து வந்தது, அதைச் சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்தி உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டேன், சரியாகிவிட்டது. அலமாரியில் வைத்துப் பார்க்க ஜப்பான், கையில் எடுத்து விளையாட அமெரிக்கா. நான் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் விளையாடுவதற்கானதைத்தான் வாங்குவேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பழைய சாமான் சந்தையில் ஒருவர் ஜி.ஐ. ஜோ பரப்பி வைத்திருந்தார், எல்லாம் நாம் விளையாடின மூணே முக்கால் அங்குல சைஸ். நான் இந்தியா என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வியே ஃபன்ஸ்கூல் இருக்கிறதா என்றுதான்! ஃபன்ஸ்கூல் கம்பெனி ஹாஸ்ப்ரோவின் அச்சையே வைத்து நம் ஊரில் செய்தது, ஆனால் இங்கே வராத நிறங்களில் வந்தது, அதனால் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். நிறம் மாறியிருக்கிறது, பெயின்ட் சுமார் என்று நாம் குறைப்பட்டதைத்தான் அவர் ஆசையாகக் கேட்டார்.

அதனால் பரண்மேல் நம் ஜி.ஐ. ஜோ பொம்மைகள் இருக்கிற பிஸ்கட் பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே, அத்தை பேரனுக்கும் கொடுத்துவிடாதே. இறக்கி வைத்து எல்லாம் இருக்கிறதா என்று மட்டும் பார், துப்பாக்கி, ஹெல்மெட் தனியாகக் கிடந்தால் ஒரு கவரில் போடு. இடுப்பைத் திருகாதே, உள்ளே காலையும் உடம்பையும் இழுத்துப் பிடிக்கிற ரப்பர் வளையம் இத்தனை வருஷத்தில் காய்ந்திருக்கும், பட்டென்று அறுந்துவிடும். புது வளையம் இங்கே கிடைக்கிறது, பொங்கலுக்கு வரும்போது வாங்கி வருகிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து மாட்டலாம்.

அன்புடன்,
அண்ணன்